கிரேன் ஏறிய டாக்டர்கள்

என் வீட்டுக்காரருக்கு அப்போது மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே அவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ராஜா மாதிரி இருந்தார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் வைக்கும் பெரிய கிரேன். அதன் உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன கேபின் இருக்கும். அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மேலே அதிகாரியும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. நான் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்றால் அந்தக் கிரேன்கள் தெரியும். எது அவருடையது என்றும் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மதிய இடைவேளைக்கு மாடி ஏறிப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் பிள்ளைகள், பரீட்சைத் தாள்கள், ரேஷன் க்யூ என்று வந்து, மாடிக்குப் போவது நின்றுபோயிற்று.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு குருத்தோலை ஞாயிறன்று, கோயில் பவனியில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் பாதியில் நின்று நெஞ்சைத் தடவினார். “வாயு புட்ச்சிக்கினு கீது. ஒரு சோடா அட்ச்சா சரியாப் பூடும்” என்றார். எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான். மாரடைப்பெல்லாம் அண்ணாநகர்க்காரர்களுக்கு வருவது. ஒரு சோடா குடித்தார், இன்னொன்றும் குடித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பொய் சொல்கிற பிள்ளைக்கு வேர்க்கும் வேர்வை எனக்கு அத்துப்படி. இது அது இல்லை. அவரை ஆட்டோவில் தள்ளி, காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்த மாத்திரத்தில் ஒரு மாத்திரையை வாயில் போட்டு மெல்லச் சொல்லி, அதே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார். அங்கே அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கும்போதும் அவர் கையில் குருத்தோலை இருந்தது.

அவர் பிழைத்தார், கிரேன் போயிற்று. கம்பெனியில் அவரை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். மேலே ஏறப் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளத்தில் குறைவில்லை. ஆனால் நேற்றுவரை தன்னை அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் குனிந்து கையுறை தேடிக் கொடுப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்து, மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடப்பார். “மேல ஏறாம இப்டி கீறதுக்கு அன்னிக்கே பூட்டிருக்கலாம்” என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. அவருக்குக் கிரேன் வேண்டும். எனக்கு அவர் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி டாக்டர்கள். முதலாமவர் அந்தத் தெருமுனை டாக்டர். தலை நரைத்தவர், தொப்பைக்காரர். எங்கள் பாஷையிலேயே வைத்தியம் பார்ப்பார், எங்கள் பாஷையிலேயே திட்டுவார். இரண்டாமவர் கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர். சின்ன வயசு, ஒல்லி. எதிலாவது கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பேனா மூடியைக் கழற்றுவார், மறுபடி மூடுவார், ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாமவர் பெரிய ஆஸ்பத்திரியின் இருதய டாக்டரம்மா. காலையில் போனால் மதியத்துக்குமேல் பார்க்கலாம். பார்த்தால் இரண்டு வாக்கியம் கிடைக்கும். மீதியைப் பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் விளக்கிச் சொல்வார். அந்த சிஸ்டர் உயரமானவர், சிரித்த முகம். ஆனால் அவர் நாடி பிடித்தால் போலீஸ் கையைப் பிடித்த மாதிரி இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர்.

டாக்டர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. இன்னொரு டாக்டர் சொன்னதாகச் சொன்னால் அதைக் குறுக்கே வெட்டிப் பேசமாட்டார்கள். போன் போட்டு, “நிஜமாகவே சொன்னீர்களா?” என்று கேட்கவும் மாட்டார்கள். அது நாகரிகம் இல்லையாம். இந்த மரியாதையை என் வீட்டுக்காரர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

தெருமுனை டாக்டர், “வறுத்தது பொரிச்சது தொடக்கூடாது, ஆமா” என்பார். “பெரிய ஆஸ்பத்திரில மீனு நல்லதுன்னாங்களே டாக்டர்” என்பார் இவர். டாக்டரம்மா மீன் நல்லது என்று சொன்னது வாஸ்தவம். குழம்பில் போட்ட மீனைச் சொன்னார். இவர் அந்த வாக்கியத்துக்குள் காத்திவாக்கத்து இறாலையும், அது மிதக்கிற எண்ணெயையும் சேர்த்துக்கொண்டார். “அவுங்க பெர்ய எடம். சொன்னா ரைட்டாத்தான் இருக்கும் நைனா” என்று தெருமுனை டாக்டர் விட்டுவிடுவார். டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னால், டிஸ்பென்சரியில் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பார். டிஸ்பென்சரியில் சிகரெட்டைப் பற்றிக் கேட்டால், “ஒரேயடியா வுட்டா ஒடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமா வுடுன்னு எங்க தெரு டாக்டர் சொல்ட்டாரு” என்பார். அந்தக் கொஞ்சம் கொஞ்சம் மாசக்கணக்கில் ஓடியது.

எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. மூன்றாம் வகுப்பில் வருஷா வருஷம் பார்க்கிறதுதான். ஒரு பையன் வீட்டில் “டீச்சர் லீவு வுட்டாங்க” என்பான், மறுநாள் என்னிடம் “அப்பா ஊருக்குக் கூட்டிக்கினு போனாரு” என்பான். ஆனால் பிள்ளைகளுக்கு முகம் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவர் பார்க்கிற பார்வைக்கு, கேள்வி கேட்கிறவர்கள்தான் பாவிகள் போலத் தோன்றும். மூன்று இடத்துக்கும் நான் கூடப் போக முடியாது. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அது அவருக்கு வசதியாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே கிரேன் விஷயம். டிஸ்பென்சரியில் போய், “டாக்டரம்மா ஏறலாம்னு சொல்ட்டாங்க சார்” என்பார். டாக்டரம்மாவிடம், “கம்பெனி டாக்டர் ஓகேன்ட்டாரும்மா, நீங்க தலைய ஆட்னா போதும்” என்பார். டாக்டரம்மா தலையை ஆட்டவில்லை. டிஸ்பென்சரி டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மூடிக்கொண்டே இருந்தார். இந்த ஒன்று மட்டும் அவருடைய வித்தைக்கு மசியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தார்கள். இவரும் எழுந்தார், எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே பக்கத்தில் நின்றவர் காலில் சாய்ந்தார். அந்த மனுஷன், இவர் தூங்குகிறார் என்று நினைத்து முழங்காலால் இடித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துப் போகிறது. திரும்பவும் ஆட்டோவில் தள்ளினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கண்ணைத் திறந்து, “சோடா” என்றார். “வாயத் தொறந்தா கொன்னுடுவேன்” என்றேன்.

இந்தத் தடவை அடைப்பு இல்லை. சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு வாங்கக்கா” என்றார். மாத்திரை போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு தட்டில் கொட்டி, அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு வெள்ளை மாத்திரையையும் ஒரு ரோஸ் மாத்திரையையும் தனியாக எடுத்து வைத்தார். வெள்ளை இவர்கள் கொடுத்தது, ரோஸ் டிஸ்பென்சரியில் கொடுத்தது. பெயர்தான் வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே. இருதயம் ஓடுகிற வேகத்தைக் குறைக்கிற மருந்து. இவர் இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வேற எங்கயாவது மாத்திரை வாங்கறீங்களான்னு நான் கேட்டேனே, இல்லைன்னீங்களே?” என்றார் டாக்டரம்மா.

“உங்க மூஞ்சிக்கு நேரா இன்னொரு டாக்டர் மாத்திரயும் துன்றேன்னு எப்டிம்மா சொல்றது? மரியாதயா இருக்காதே” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்ப ரெண்டையும் ஏன் சாப்பிட்டீங்க?”

“குடுத்தத துன்னாம வுட்டா அவருக்கு மரியாதயா இருக்காதே.”

இதுவரை அவர் சொன்ன பொய்களையெல்லாம் நான் மன்னித்திருப்பேன். இது பொய்யில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். டாக்டரை டாக்டர் மதித்து, டாக்டர்களை இவர் மதித்து, எல்லோருடைய மரியாதையும் சேர்ந்து இவரைப் பூசையில் உருட்டிவிட்டிருக்கிறது.

டாக்டரம்மா அன்றைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினார். “இவர் ஒருத்தர் இல்லம்மா. உங்க பக்கத்துலேர்ந்து வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான். மூணு இடத்துல வைத்தியம், ஒரு இடத்துக்கும் இன்னொரு இடம் தெரியாது. நாங்க சரி பண்ணி அனுப்பறோம், திரும்ப வந்து படுத்துடறாங்க.”

“அப்ப நீங்க மூணு பேரும் பேசிக்கினா இன்னா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது. வாயை விட்டாயிற்று, நிறுத்துவானேன் என்று தொடர்ந்தேன். “என் கிளாஸ்ல ஒரு பையன் வீட்ல ஒண்ணு, இஸ்கூல்ல ஒண்ணு சொன்னா, பெத்தவங்களக் கூப்ட்டு எதிர்ல உக்கார வெச்சிடுவேன் மேடம். அதோட அவன் ஆட்டம் குளோஸ்.”

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். டாக்டரம்மா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். “உட்கார வைங்க. நான் வர்றேன்” என்றார். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, மூன்று டாக்டர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பது மூன்று சம்பந்திகளை உட்கார வைப்பதற்குச் சமம். தெருமுனை டாக்டர், “நான் சீனியரு, நான் இன்னாத்துக்கு அங்க போய் நிக்கறது? வேணும்னா அவுங்க வரட்டும்” என்றார். டாக்டரம்மாவின் அறையிலோ நிற்கவே இடமில்லை. டிஸ்பென்சரி டாக்டர், கம்பெனியில் அனுமதி கேட்காமல் எங்கும் வர முடியாது என்றார், அனுமதி கேட்கவும் பயமாக இருக்கிறது என்றார். யாருடைய இடமும் இல்லாத இடமாக ஒன்று வேண்டும். கடைசியில் எங்கள் தலைமையாசிரியையின் கையைக் காலைப் பிடித்து, ஒரு சனிக்கிழமை மாலை என்னுடைய வகுப்பறையைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு வருவதில் ஒருவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வந்தார்கள். மூன்றாம் வகுப்பு பெஞ்சு எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் நானே கவனித்தேன். டாக்டரம்மாவும் சிஸ்டரும் ஒருமாதிரி அடங்கி உட்கார்ந்தார்கள். தெருமுனை டாக்டரின் தொப்பை டெஸ்க்கில் மாட்டிக்கொண்டது. டிஸ்பென்சரி டாக்டரின் முழங்கால் முகவாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சுக்குப் போனார். நான் பழக்கதோஷத்தில் கையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் நின்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: அந்த நிமிஷம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“இறால் வறுவல் சாப்பிடலாம்னு சொன்னது யாரு?” என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. “நடக்காம ரெஸ்ட் எடுக்கச் சொன்னது?” டிஸ்பென்சரி டாக்டர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். “சிகரெட்ட கொஞ்சம் கொஞ்சமா?” தெருமுனை டாக்டர் கனைத்துக்கொண்டார். “அத்த நான் சொன்னேன். ஒரு வாரத்துல வுடுன்னு சொன்னேன்.” எல்லோரும் ஒரே சமயத்தில் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த பழங்களின் படத்தில் சீத்தாப்பழத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. அப்புறம் தெருமுனை டாக்டர் ஒன்று சொன்னார். “மேடம், நான் எவ்ளோ பேர அனுப்பிக்கீறேன். அதுல யாரு பொயச்சாங்க, யாரு பூட்டாங்கன்னு எனக்கு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. தெருவுல அந்தாளப் பாத்தாத்தான் ஓகோ பொயச்சிக்கினாண்டான்னு தெர்யும்.”

டாக்டரம்மா, “உங்க கிளினிக்லேர்ந்து வர்றவங்க வாயில மாத்திரையோட வருவாங்க சார். யாருப்பா இந்த டாக்டர், சரியா செஞ்சு அனுப்பறாரேன்னு எங்க வார்டுல பேசிக்குவோம். எனக்கும் உங்களை யாருன்னு தெரியாது” என்றார்.

தெருமுனை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை நான் அவரைச் சிரிப்பு மனிதராக மட்டுமே பார்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். நெஞ்சு வலி என்று யார் வந்தாலும், அனுப்புகிறபோதே தெருமுனை டாக்டர் சிஸ்டருக்குப் போன் போட வேண்டும், ஆள் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஊசி தயாராக இருக்கும். ஒரு மருந்துக்கு மூன்று இடத்திலும் ஒரே பெயர்தான். ரத்த அழுத்தம் பார்ப்பது டிஸ்பென்சரி பொறுப்பு. சிகரெட்டைக் கண்காணிப்பது தெருமுனை டாக்டர் பொறுப்பு, ஏனென்றால் பெட்டிக்கடை அவர் கிளினிக்குக்கு எதிரேதான் இருக்கிறது. இப்படிப் பேசி, ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் இது மாதாமாதம் நடக்கிற வழக்கமாகவே ஆகி, வேறு கிளினிக்காரர்களும் வந்து உட்கார, என் வகுப்பில் பெஞ்சு பற்றாமல் போனது தனிக் கதை. அன்றைக்கு, எல்லாம் முடிந்தது என்று நான் சாக்பீஸை வைக்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது.

“நான் எப்ப கிரேன் ஏறலாம்?”

“ஏறவே வேணாம்” என்றேன் நான், டாக்டர்களை முந்திக்கொண்டு.

“அப்டி சொல்லாதம்மா. கிரேன் இல்லாம வெச்சா இவன் ஒடம்பு இருக்கும், ஆளு இருக்கமாட்டான்” என்றார் தெருமுனை டாக்டர். டிஸ்பென்சரி டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மூடினார். “நடுவுல ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது மேடம்? என்னால சைன் பண்ண முடியாது” என்றார். டாக்டரம்மா யோசித்தார். “டிரெட்மில்ல ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனா அந்த ஏணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க ஏறியிருக்கீங்களா?” என்று டிஸ்பென்சரி டாக்டரைக் கேட்டார். அங்கேயே வேலை பார்க்கிற அவரும் ஏறியதில்லை.

“வந்து பாருங்களேன்” என்றார் என் வீட்டுக்காரர். விருந்துக்கு அழைக்கிற மாதிரி சொன்னார்.

டாக்டரம்மாவின் டிரெட்மில்லில் அவர் மூச்சு வாங்கினாலும் தேறிவிட்டார். அதன்பிறகு ஒருநாள் மூன்று டாக்டர்களும் சிஸ்டரும் துறைமுகத்துக்குப் போனார்கள். எனக்கு உள்ளே போக பாஸ் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நான் இரண்டு விதமாகக் கேட்டேன், ஒன்று சிஸ்டர் சொன்னது, இன்னொன்று என் வீட்டுக்காரர் சொன்னது. இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஏணி நடுநடுவே சின்னச் சின்ன மேடை வைத்து ஏறுகிற ஏணி. என் வீட்டுக்காரரைக் கீழே நிறுத்திவிட்டு நான்கு பேரும் ஏறினார்கள். தெருமுனை டாக்டர் முதல் மேடையிலேயே உட்கார்ந்து, “இங்கேர்ந்தே எல்லாம் நல்லாத்தான் தெர்து” என்று அறிவித்துவிட்டார். டிஸ்பென்சரி டாக்டர் அடுத்த மேடை வரை போய், கீழே பார்த்து, கம்பியைக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மாவும் சிஸ்டரும் உச்சி வரை போனார்கள். மேடைக்கு மேடை சிஸ்டர் டாக்டரம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், எங்கே எகிறுகிறது, எவ்வளவு நின்றால் அடங்குகிறது என்று. கேபினில் டாக்டரம்மா நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ராயபுரத்துக் கோபுரங்கள், கீழே எறும்பு மாதிரி லாரிகள். இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், “எதுக்கு இந்தப் பாடுபடறீங்கன்னு புரிஞ்சுது” என்றாராம். இதை என் வீட்டுக்காரர் என்னிடம் மூன்று தடவை சொன்னார். இத்தனை மாசத்தில் அவருக்கு வேண்டியிருந்த மருந்து அந்த வாக்கியம்தான் போலிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அது எனக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்தாரா?

நான்கு பேரும் அங்கேயே கிரேன் நிழலில் நின்று பேசி முடித்தார்கள். ஏறலாம். ஆனால் ஒரு ஷிப்டுக்கு ஒரே தடவை ஏறி ஒரே தடவை இறங்க வேண்டும். டீ வேண்டுமென்றால் கயிற்றில் வாளி கட்டி மேலே அனுப்புவார்கள், அந்த வாளியில் பஜ்ஜி போகக்கூடாது. ஒவ்வொரு மேடையிலும் நின்று, நாடியை விரலால் தொட்டுப் பார்த்து, அது அடங்கிய பிறகுதான் அடுத்த படி. இதை மீறினால் திரும்பவும் கையுறைதான். டிஸ்பென்சரி டாக்டர் மூடியைக் கழற்றி, முதல்முறையாகக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்தவர் முகம் பாதி மலர்ந்து பாதி சுருங்கியிருந்தது. “எல்லாப் பசங்களும் கீய நின்னு பாத்துக்கினு இருப்பானுங்க. நடுவுல நின்னு நாடி புட்ச்சிக்கினு இருந்தா மானம் பூடும் டீச்சர். ஒரே தம்ல ஏறுனவன் நான்” என்றார். சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் சொன்ன பேச்சை அவர் கேட்டதே இல்லை. என் மாமனார் சொன்னதையும் கேட்டதில்லை. பங்குச்சாமியார் சொன்னதையும் கேட்டதில்லை. முதல் நாளே ஒரே மூச்சில் ஏறுவார், பாதியில் விழுவார் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தெரிந்தது.

அவர் மறுபடி கிரேன் ஏறுகிற முதல் நாள், திங்கட்கிழமை மதிய இடைவேளையில், அறிவியல் அலமாரியிலிருந்து பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. அவர் ஷிப்டு ஏறுகிற நேரம் அது. அவசரத்தில் முதலில் வானம்தான் தெரிந்தது. அப்புறம் கிரேன் கிடைத்தது. அதன் அடியில் ஒரு வெள்ளைக் கோட்டு, டிஸ்பென்சரி டாக்டர். ஏணியில் ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு சின்ன உருவம். நடையிலேயே அவர் என்று தெரிந்தது.

ஏறினார். முதல் மேடைக்கு வந்தார். நின்றுவிட்டார்.

அசையவில்லை. கம்பியில் ஒரு கை. தலை குனிந்திருந்தது. இப்போது ஏறுவார், இப்போது ஏறுவார் என்று பார்க்கிறேன், அவர் ஏறவில்லை. நெஞ்சு பிடித்துக்கொண்டது, விழப்போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாதாவே, அவரை அந்த ஸ்டோர் ரூமிலேயே வைத்திருக்கக்கூடாதா, நாள் முழுக்கக் கையுறை கொடுத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டு இருந்தால் போதாதா என்று வாய்விட்டுச் சொன்னேன். சத்தம் போட்டால் கேட்கிற தூரமா அது? சத்தமும் போட்டேன். கீழே நிற்கிற டாக்டர் ஏன் ஓடவில்லை, கல்லு மாதிரி நிற்கிறாரே படுபாவி என்று பைனாகுலரை அவர்மேல் திருப்பினேன்.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி மேலே பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கை விரல்களை இன்னொரு கை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அத்தனை பேர் அண்ணாந்து நிற்க, நடு ஏணியில். எனக்கு எல்லாம் தோன்றியது, அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்பது மட்டும் கடைசிவரை தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து கீழே கையைக் காட்டினார், வெள்ளைக் கோட்டும் கையைக் காட்டியது, அவர் அடுத்த படியில் கால் வைத்தார். அடுத்த மேடையிலும் நின்றார். அதற்கடுத்ததிலும் நின்றார். ஒவ்வொரு தடவை அவர் நின்றபோதும் நான் அழுதேன். கேபின் கதவு திறந்து மூடியது. கிரேனின் கை மெதுவாகக் கடல் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அன்று மதியம் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் பேசவில்லை. டீச்சர் கண் சிவந்திருந்தால் அடி விழும் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே மீன் கடைக்குப் போய் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கினேன். மிளகும் பூண்டும் போட்டு வறுத்து, ஷிப்டு முடிந்து ராத்திரி வந்தவர் எதிரில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். கை அதன் பக்கம் போய், பாதியில் நின்றது.

“இன்னா இது? டாக்டரம்மாவ கேட்டியா?” என்றார்.

நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“கேட்டேன். தெருமுனை டாக்டர் ஓகேன்ட்டாருன்னு சொன்னேன். அப்ப சரின்ட்டாங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.